நீலக் கொடியும் கரைவலையும்: சென்னைக் கடற்கரைச் சர்ச்சையின் அடிப்படைகள்

சென்னைக் கடற்கரையைப் பற்றிச் சில ஆண்டுகளாக வரும் செய்திகள் ஒன்றோடொன்று பொருந்தாதவை போலத் தோன்றுகின்றன. சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் கடற்கரைக்கு, கடற்கரைகளின் தரத்துக்காக வழங்கப்படும் நீலக் கொடிச் சான்றிதழ் கிடைத்ததாக ஒரு செய்தி வருகிறது. மெரினாவின் ஒரு பகுதியில் மூங்கில் நிழற்குடைகளும் சாய்வு இருக்கைகளும் அமைக்கப்பட்டதாக மற்றொன்று வருகிறது. இவற்றுக்கு இடையில், மெரினா கலங்கரை விளக்கத்துக்கு அருகே கடலை ஒட்டிச் செல்லும் லூப் சாலையில் மீன் விற்கும் பெண்கள் மறியலில் ஈடுபட்டதாகவும், கடலோர வரைபடங்களில் தங்கள் ஊரே விடுபட்டிருப்பதாக மீனவர்கள் ஆட்சேபம் தெரிவித்ததாகவும் படிக்கிறோம். கடற்கரையைச் சுத்தப்படுத்திக் கழிப்பறை கட்டி, உட்கார நிழலும் அமைத்துக் கொடுப்பதை மீனவர்கள் ஏன் எதிர்க்க வேண்டும் என்று நகரவாசி கேட்பது இயல்பே. அதற்குப் பதில் காண, அந்த மணற்பரப்பு எப்படி உருவானது, சட்டம் அதை எப்படிப் பிரிக்கிறது, மீன்பிடித் தொழிலுக்கு அது எந்த வகையில் தேவைப்படுகிறது என்பவற்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மணல் வந்த கதை

இன்று நாம் காணும் அகன்ற மெரினா இயற்கையாக அப்படியே அமைந்ததன்று. 1876இல் தொடங்கிய துறைமுகக் கட்டுமானத்துக்கு முன்பு, கடல் இப்போதைய காமராசர் சாலைக்கு மிக அருகிலேயே இருந்தது. தமிழகத்தின் கிழக்குக் கரையில், தென்மேற்குப் பருவத்தையொட்டிய மாதங்களில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகவும், வடகிழக்குப் பருவத்தில் வடக்கிலிருந்து தெற்காகவும் தள்ளிச் செல்கின்றன. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கு நோக்கிய நகர்வே அதிகம். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்தன. மறிக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்து மெரினா ஆயிற்று. மணல் வரத்து நின்றுபோன வடக்கே, இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. அங்கே இன்று பல மீனவர் குப்பங்களுக்கு முன்னால் இருப்பது மணலன்று, கருங்கல் சுவர்.

இந்தப் பின்னணியை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடற்கரையின் அகலம் நிலையானதன்று. ஒரே ஊரில்கூட ஜூலையில் அகலமாக இருக்கும் மணல் டிசம்பரில் பாதியாகச் சுருங்கக்கூடும். எந்த ஓர் அமைப்பையும் மணலில் நிலையாக நடும்போது இந்த அசைவோடு மோத நேரிடுகிறது. மாற்றுத்திறனாளிகள் கடலுக்கு அருகே சென்று பார்க்க வேண்டும் என்ற மிக நல்ல நோக்கத்தோடு மெரினாவில் அமைக்கப்பட்ட மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. அடுத்த இரண்டு வாரங்களுக்குள் வந்த மாண்டஸ் புயலில் அதன் கடலோர முனை சிதைந்தது. பிறகு அது சீரமைக்கப்பட்டது. ஆனால் மணலில் எதை எங்கே நடலாம் என்ற கேள்வியைக் கடல் அன்றே எழுப்பிவிட்டது.

சட்டம் கோடு போடும் முறை

இந்தியாவில் கடற்கரை நிலத்தைக் கட்டுப்படுத்தும் முதன்மையான விதி, மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஆகும். 1991இல் முதன்முதலாக வெளியான இது, 2011இலும் 2019இலும் புதிதாக மாற்றி எழுதப்பட்டது. செய்திகளில் அடிக்கடி வரும் சொற்களின் பொருள் வருமாறு:

1. உயர் ஓதக் கோடு என்பது, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தின்போது, அதாவது கடல்நீர் ஏற்றத்தின்போது, நீர் நிலத்தில் எட்டும் மிக உயர்ந்த எல்லை. கடலோர மண்டலத்தின் அளவீடுகள் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகின்றன. கடலை ஒட்டி இக்கோட்டிலிருந்து நிலத்தை நோக்கி 500 மீட்டர் வரை உள்ள பகுதி மண்டலத்துக்குள் வரும்.

2. இந்த மண்டலம் நான்கு வகைகளாகப் பிரிக்கப்படுகிறது. முதல் வகை என்பது சூழலியல் ரீதியாக எளிதில் பாதிக்கப்படக்கூடிய பகுதிகளையும், உயர் ஓதக் கோட்டுக்கும், நீர் வடிந்து நிற்கும் தாழ் ஓதக் கோட்டுக்கும் இடைப்பட்ட ஈர மணலையும் குறிக்கிறது. இரண்டாம் வகை, கரை வரை ஏற்கெனவே கட்டடங்கள் எழுந்துவிட்ட நகரப் பகுதி. சென்னை மாநகரின் கரை பெரும்பாலும் இதில் அடங்கும். மூன்றாம் வகை கிராமப்புறக் கரை. நான்காம் வகை, தாழ் ஓதக் கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள நீர்ப்பரப்பு.

3. மூன்றாம் வகையில், கட்டுமானம் கூடாத பகுதி முன்பு 200 மீட்டராக இருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளுக்கு 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது.

4. அதே அறிவிக்கை, கடற்கரைகளில் தற்காலிகச் சுற்றுலா வசதிகளை, அதாவது சிறு குடில்கள், கழிப்பறைகள், உடைமாற்றும் அறைகள், குளியல் அமைப்புகள், நடைபாதைகள் போன்றவற்றை, உயர் ஓதக் கோட்டிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி அமைக்க இடம் தந்தது.

நான்காவது புள்ளியில்தான் இன்றைய சர்ச்சையின் சட்ட வேர் இருக்கிறது. கட்டுமானம் கூடாத பகுதி என்று எதைப் பாதுகாத்து வந்தார்களோ, அந்தப் பகுதிக்குள்ளேயே சுற்றுலாவுக்கு ஒரு வாசல் திறக்கப்பட்டது. அதே அறிவிக்கை, மீனவர்களின் குடியிருப்பு, மீன் காயவைக்கும் களம், படகுத்துறை, பொதுப் பயன்பாட்டு நிலம் ஆகியவற்றை மாநிலத்தின் கடலோர மேலாண்மை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இவ்விரண்டும் ஒரே ஆவணத்தில் இருந்தாலும் ஒரே வேகத்தில் நடைமுறைக்கு வருவதில்லை. நிழற்குடைக்கு ஒப்பந்தப் புள்ளி கோரினால் சில மாதங்களில் வேலை முடிந்துவிடும். வலை உலர்த்தும் களத்தை வரைபடத்தில் ஏற்ற, ஊர்ப் பஞ்சாயத்தார் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

மீனவர் கண்ணில் மணல்

காசிமேடு போன்ற மீன்பிடித் துறைமுகங்களில் விசைப்படகுகள் மேடையை ஒட்டி நிற்கின்றன. நொச்சிக்குப்பம், ஊரூர்க் குப்பம் போன்ற ஊர்களுக்கு அப்படிப்பட்ட துறைமுகம் இல்லை. அங்கே ஃபைபர் படகுகள் அலையைக் கடந்து நேராக மணலிலேயே ஏறுகின்றன. ஆகவே இவ்வூர்களுக்குக் கரைதான் துறைமுகம். ஏலக்கூடமும் வலை பழுது பார்க்கும் பட்டறையும் நெத்திலியைக் கருவாடாக்கும் களமும் அதே கரைதான். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டடமோ சுவரோ கிடையாது. வேலை நடக்காத நேரத்தில் பார்ப்பவருக்கு அது வெறும் மணலாகவே தெரியும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் நான் இதையே சொல்வேன்: கடற்கரையில் காலியாகத் தெரியும் இடமெல்லாம் பயன்படாத இடமன்று.

கரைவலை இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. இப்போது குறைந்துவிட்டாலும் முற்றிலும் மறைந்துவிடாத இம்முறையில், நீண்ட கயிற்றின் ஒரு முனையைக் கரையில் நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டு, படகு வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுக்கொண்டே சென்று, சற்றுத் தொலைவில் மறுமுனையோடு கரை சேர்கிறது. பிறகு இரண்டு அணிகள், இடுப்பைப் பின்னுக்குச் சாய்த்து, குதிகாலை மணலில் ஊன்றி, அடிக்கு அடி பின்வாங்கிக் கயிற்றை இழுக்கின்றன. வலை கரையை நெருங்க நெருங்க இரு அணிகளும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து வருகின்றன. கடைசியாக மீன் நிறைந்த மடி ஈர மணலில் வந்து விழுகிறது. இதற்கு ஓரிரு மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் அந்த நீளம் முழுவதும் தடையின்றி இருக்க வேண்டும்.

இதில் வரைபடத்துக்குள் அடங்காத ஒன்று இருக்கிறது. சென்னைக் கரையின் மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்காக ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்காக ஓடுவதை வன்னி என்றும் அழைக்கின்றனர். தெண்டி ஓடும் நாளில் வலை வடக்கே ஒதுங்கும். இழுப்பவர்களும் அதனோடு சேர்ந்து வடக்கே நடப்பார்கள். வன்னியில் இது தலைகீழாகும். ஆகவே கரைவலைக்குத் தேவையான இடம் இன்று ஓரிடம், நாளை நூறு அடி தள்ளி வேறோரிடம். இரும்புக் குழாய் நட்டு நிறுத்திய ஒரு நிழற்குடை, அது நிற்கும் சில சதுர அடியை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கரை நீளம் முழுவதையும் வலைக்குப் பயன்படாததாக்கிவிடுகிறது.

அசைந்துகொண்டே இருக்கும் இந்த இடத்தை மீனவர்கள் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்துவதாக எண்ணிவிடக் கூடாது. எந்த ஊரின் எல்லை எது, யார் எப்போது வலை விடலாம் என்பதை ஊர்ப் பஞ்சாயத்துகள் தீர்மானிக்கின்றன. சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் நிலவும் பாடு முறை இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று. அங்கே மீன் அதிகம் கிடைக்கும் இடங்கள் முறைவைத்துப் பகிரப்படுகின்றன. ஒருவருக்கே நல்ல பாடு நிரந்தரமாகச் சேர்ந்துவிடாதபடி சுழற்சி நடக்கிறது. இவை எழுதப்பட்ட சட்டமல்ல என்பதால் அரசு ஆவணங்களில் இவற்றுக்கு இடமும் அரிதாகவே இருக்கிறது.

நீலக் கொடி என்றால் என்ன?

நீலக் கொடி என்பது டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்விக்கான அறக்கட்டளை ஒன்று வழங்கும் தரச் சான்று. 1985இல் பிரான்ஸில் தொடங்கி, பிறகு ஐரோப்பா முழுவதும் பரவி, இன்று பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. சுற்றுச்சூழல் கல்வி, நீரின் தரம், சுற்றுச்சூழல் மேலாண்மை, பாதுகாப்பும் சேவைகளும் ஆகிய நான்கு தலைப்புகளின் கீழ் 33 அளவுகோல்கள் இதற்கு உண்டு. இந்தியாவில் 2020இல் எட்டுக் கடற்கரைகள் இச்சான்றைப் பெற்றன. 2021இல் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் சேர்ந்தன. சான்று நிரந்தரமானதன்று, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், தரம் குறைந்தால் திரும்பப் பெறவும் முடியும்.

நீரின் தரத்துக்கான அளவுகோல் இதில் மிகப் பயனுள்ளது என்பது என் கருத்து. 100 மில்லி லிட்டர் நீரில் ஈ. கோலை நுண்ணுயிரி 250 அலகுகளுக்கும், குடல்சார் என்டரோகாக்கை 100 அலகுகளுக்கும் மிகக் கூடாது. கூவமும் அடையாறும் கழிவுநீரோடு கலக்கும் ஒரு கரையில் இந்த அளவுகோலை மெய்யாகவே நிறைவேற்ற முனைந்தால், அதனால் குளிப்பவருக்கு வரும் நன்மையைவிட மீனவருக்கு வரும் நன்மை பெரிது. முகத்துவாரம் தூய்மையானால் இறாலும் மடவையும் மீண்டும் செழிக்கும். ஆனால் நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரிக்க நீண்ட காலமும் பெரும் பணமும் தேவை. நிழற்குடையை ஒரு வாரத்தில் நட்டுவிடலாம். அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் பகுதி முதலில் நடந்து, அடிப்படையான பகுதி பின்தங்குகிறது.

செய்திகளில் அதிகம் பேசப்படாத இரண்டு அளவுகோல்களும் உண்டு. கரையில் ஒதுங்கும் கடற்பாசி போன்ற இயற்கைப் பொருள்களைத் தொல்லையாகாத வரை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது ஒன்று. கடற்கரையின் வெவ்வேறு பயனாளர்களுக்கும் பயன்களுக்கும் இடையே மோதலும் விபத்தும் நேராதபடி மேலாண்மை செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. ஆக, நீலக் கொடியின் விதிகளே மீன்பிடிப்பை வெளியேற்றச் சொல்லவில்லை. யார் எங்கே எப்போது என்று ஒழுங்கு செய்யச் சொல்கின்றன. அதை வெளியேற்றமாகப் புரிந்துகொள்வது நடைமுறைப்படுத்துபவர்களின் பிழை.

மோதல் எழும் இடங்கள்

1. படகு ஏறும் வழி. சுற்றுலாப் பகுதி என்று கயிறு கட்டிப் பிரித்த இடம் படகு கரையேறும் வழியில் அமைந்துவிட்டால், படகு வேறு இடத்தில் ஏற வேண்டும். அங்கே அலை உடையும் விதம் வேறாக இருக்கலாம். படகு கவிழும் அபாயம் கூடும்.

2. வாகனம். கடற்கரையில் அனுமதியின்றி வாகனம் ஓடக் கூடாது என்பது நீலக் கொடி விதி. படகை மேலே இழுக்கவும் மீனை ஏற்றவும் வண்டி தேவைப்படும் ஊர்களில் இவ்விதிக்கு எழுத்துப்பூர்வமான விலக்கு இல்லையென்றால், காவலாளி ஒருவரின் விருப்பத்தைப் பொறுத்துத் தொழில் நடக்கும் நிலை வரும்.

3. வாசனையும் தோற்றமும். கருவாடு காயும் மணமும், வலைக் குவியலும் சுற்றுலாப் பயணிக்கு அசுத்தமாகப் படலாம். நெகிழிப் பையும் கண்ணாடிச் சில்லும் கழிவு. காயும் நெத்திலி உணவு. இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் சேர்ப்பதை ஏற்க முடியாது.

4. காலம். மீன் வந்திறங்கி ஏலம் போவது பெரும்பாலும் காலையில். நகரத்தார் கூட்டமாக வருவது மாலையில். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைக் கேட்பது விடியற்காலை, விடுமுறை நாள்களின் காலை என்ற சில மணி நேரங்கள்தான். நேர ஒழுங்கால் பெரும்பகுதி தீரக்கூடிய சிக்கலை இட ஒதுக்கீட்டால் மட்டுமே தீர்க்க முயல்வது பிரச்சினையைப் பெரிதாக்குகிறது.

லூப் சாலையில் நடந்தது

இவையெல்லாம் கற்பனை அச்சங்கள் அல்ல என்பதைச் சென்னையின் வரலாறே காட்டுகிறது. 1985ஆம் ஆண்டின் இறுதியில், மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முயன்றபோது எழுந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது, மீனவர்கள் உயிரிழந்தனர். அந்த நினைவு குப்பங்களில் இன்னும் வற்றவில்லை. அழகுபடுத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் அங்கே எழும் பதற்றத்தை, வளர்ச்சிக்கு எதிரான மனநிலை என்று எளிதில் ஒதுக்குபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் நோக்கிச் செல்லும் லூப் சாலை, நொச்சிக்குப்பத்துக்கும் கடலுக்கும் இடையே போகிறது. சாலையின் ஒருபுறம் வீடு, மறுபுறம் படகு. பிடித்த மீனைப் பெண்கள் சாலையோரத்திலேயே பலகை போட்டு விற்று வந்தார்கள். வாங்க வந்தவர்களின் வண்டிகளால் நெரிசல் ஏற்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து விசாரித்ததைத் தொடர்ந்து, 2023 ஏப்ரலில் மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் போராடினர். அதன் பின் தற்காலிக ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டு, 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் புதிய மீன் சந்தை திறக்கப்பட்டது.

இந்தச் சாலையை ஊருக்குள் புகுந்த போக்குவரத்து வழி என்று பார்ப்பதா, அல்லது போக்குவரத்துச் சாலையை ஆக்கிரமித்த சந்தை என்று பார்ப்பதா என்பதே வழக்கின் உள்ளார்ந்த கேள்வி. குப்பம் சாலைக்கு முந்தையது. வாகனம் ஓட்டுபவருக்கோ அது சாந்தோம் நெரிசலைத் தவிர்க்க உதவும் மாற்று வழி. புதிய சந்தை நெரிசலைக் குறைக்கும், மேற்கூரையும் தண்ணீர் வசதியும் தரும். அவை உண்மையான நன்மைகள். அதே வேளையில், படகிலிருந்து கூடைக்கு, கூடையிலிருந்து வாங்குபவர் கைக்கு என்றிருந்த சங்கிலியில் ஒரு தூரமும் நுழைந்தது. நொச்சிக்குப்பத்துக்கு ஆட்கள் வருவதே கண்ணெதிரில் இறங்கிய சங்கராவையும் வஞ்சிரத்தையும் வாங்கத்தான். அவ்வகையில் பார்த்தால் நகரத்தாரின் பொழுதுபோக்கும் மீனவரின் விற்பனையும் அங்கே ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்தவை.

கடலில் இறங்குபவரின் பாதுகாப்பு

பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சில் தவிர்க்கக் கூடாதது நீரில் மூழ்கும் ஆபத்து. கரையில் உடைந்து ஏறிய நீர் திரும்பக் கடலுக்குள் செல்லும்போது, மணல்திட்டுகளுக்கு இடையே உள்ள குறுகிய வழியில் திரண்டு வேகமாக ஓடுகிறது. இதை இழுவை நீரோட்டம் எனலாம். அந்த இடத்தில் அலை அதிகம் உடைவதில்லை. சுற்றிலும் வெள்ளை நுரை இருக்க, நடுவில் கருமையான அமைதியான பட்டை போலத் தெரியும். படகு இறக்குபவர் தேடுவது அலை உடையாத இத்தகைய இடைவெளியைத்தான். பழக்கமில்லாதவர் பாதுகாப்பானது என்று நம்பி இறங்குவதும் அதே இடைவெளியில்தான். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டாவது ஆபத்து, கள்ளக்கடல் எனப்படும் திடீர் அலைப்பெருக்கு. தென் இந்தியப் பெருங்கடலில் வெகு தொலைவில் வீசிய புயல்காற்று எழுப்பிய நீளமான அலைகள் சில நாள்கள் பயணம் செய்து, உள்ளூரில் காற்றும் மழையும் இல்லாத தெளிந்த நாளில் கரையை அடைகின்றன. ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை விடுக்கிறது. 2024 மே 6 அன்று, அத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். எச்சரிக்கை வெளியாகியிருந்தும் இது நடந்தது.

இங்கேதான் மீனவரின் அறிவு பொழுதுபோக்குக்கு நேரடியாகத் தேவைப்படுகிறது. மூழ்குபவரை நோக்கி முதலில் பாய்பவர்கள் பெரும்பாலும் அருகிலுள்ள குப்பத்து இளைஞர்களே. கோவளத்தில் அலைச்சறுக்கு வேர்விட்டதும் மீனவ இளைஞர்கள் வழியாகத்தான். அலை எங்கே எப்படி உடையும் என்பது அவர்களுக்குப் புதிதாகக் கற்க வேண்டிய பாடமாக இல்லை. நீலக் கொடிக் கடற்கரையில் உயிர்காப்பு ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதால், உயிர்காப்போர் வேலையை உள்ளூர் மீனவருக்கு முறையான பயிற்சியும் நிரந்தரச் சம்பளமும் தந்து கொடுப்பது, கருணையாகச் செய்யும் உதவியன்று; தகுதி பார்த்துச் செய்யும் நியமனம்.

வரைபடத்தில் பார்க்க வேண்டியவை

கடலோர மேலாண்மை வரைபடத்தின் வரைவு வெளியாகும்போது பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கருத்துக் கேட்புக் கூட்டமும் நடத்தப்பட வேண்டும். அந்த வரைபடத்தில் ஒரு குப்பத்தின் வீடுகள் குறிக்கப்பட்டிருந்தால் மட்டும் போதாது. படகு ஏறும் கரை எங்கிருந்து எங்கு வரை, கரைவலை இழுக்கும் நீளம் எவ்வளவு, கருவாட்டுக் களம் எது, ஏலம் நடக்கும் இடம் எது என்பவையும் இருக்க வேண்டும். அதற்கும் மேலாக, அவை எந்தப் பருவத்தில் பதிவு செய்யப்பட்டன என்பதையும் கேட்க வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் கடல் ஏறி மணல் குறுகும்போது படகுகளை வீட்டு வாசல் வரை இழுத்து வைப்பார்கள். வலைகளும் மேட்டுக்குப் போய்விடும். நல்ல வெயில் காலத்தில் வந்து அளந்து செல்பவரின் வரைபடத்தில், டிசம்பரில் அந்த ஊரின் படகுகளெல்லாம் நெருக்கியடித்து நிற்கும் அந்த மேட்டு நிலம் எவருக்கும் உரியதல்லாத காலி மணலாகவே பதிவாகியிருக்கும்.